கொள்ளும் குளம்பும்

மாணிக்கவாசக சுவாமிகள் பாண்டியனுக்குக் குதிரை கொள்ளப் பெரும்பொருளோடு புறப்பட்டுத் திருப்பெருந்துறையை அடைந்த வரலாற்றை முப்பது ஆண்டுகளாகப் பண்டித வகுப்பிற் பாடஞ் சொல்லி வருகின்றேன். அப்பகுதி வரும்போதெல்லாம் மாணவர் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. "பாண்டிநாட்டிற் குதிரை இல்லையா? கடல்கடந்து வரும் குதிரைக்கு இத்துணைப் பொருளை ஏன் கொட்டவேண்டும்?" என்பதே அது. விடையாக, வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ எழுதி வைத்ததை எடுத்துரைப்பது என் வழக்கம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தென்றமிழ்நாட்டுக் கரைக்கு வந்த அவ்வணிகர், ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் கப்பலேறி வந்ததைக் கூறுகின்றார். அரசன் 2,000க்கு மேல் வாங்குவான். அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குவர். ஆண்டு முடிவதற்குள் நூறு குதிரைகூட எஞ்சுவதில்லை என்பது அவர் கூற்று. இதற்கு அவர் காட்டும் காரணம் இரண்டு. குதிரை பேணத் தெரிந்த தொழிலாளர் அந்நாட்டில் இல்லை. அத்தகையோர் அங்குப் போகாதபடி வணிகரே தடுத்துவிடுகின்றனர் என்பது ஒன்று. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைக்கு ஊட்டுகின்றார்கள் என்பது மற்றொன்று. சில ஆண்டுகள் கழித்துப் பாரசீகத்திலிருந்து எழுதிய வஸ்ஸாபு என்னும் வரலாற்றாசிரியரும், வறுத்த வாற்கோதுமையையும் நெய்யிட்ட தானியத்தையும் கொடுத்துக் காய்ச்சிய பசுப்பாலைக் குடிக்க விடுவதாகக் குறிப்பிடுகின்றார்.

இவற்றுள் முதற்காரணத்தை நான் ஏற்றுக்கொள்வேன். இலாடமடிப்போர் இன்மையாற் குளம்பு தேய்ந்து குதிரைகள் மாண்டன என்று விளக்கஞ் சொல்வேன். இரண்டாவதை அயலாரின் இளக்காரம் என்று ஒதுக்கிவிடுவேன். நம்மவர் தம் வாய்க்கு இனிய சோற்றையும் நெய்யையும் வாயில்லாப் பிராணிக்கும் ஊட்டினர். அது குற்றமா என்று மாணவரையே கேட்பேன். அவர்களும் மகிழ்ந்து தலையசைப்பர். அவ்விளக்கம் தவறு என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு மட்டக்குதிரை.

நெடுந்தீவிலே குதிரைகள் கட்டாக்காலியாய்த் திரிவதை ஈழத்தார் அறிவர். போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை என்பாரும், ஒல்லாந்தர் வளர்த்தவற்றின் வழிவந்தவை என்பாரும் உளர். ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. இக்குதிரைகளைச் சிலர் கோவேறு கழுதை என்று எழுதுகின்றனர், அது பிழை. கோவேறு கழுதை குதிரைக்கும் கழுதைக்கும் பிறப்பது, பெரும்பாலும் மலடானது. பரம்பரை பரம்பரையாக ஈன்று பெருகும் இனத்துக்கு அப்பெயர் எவ்வாறு பொருந்தும்?

2016ஆம் ஆண்டு மாரி பொய்த்தது. அடுத்த ஆண்டின் வறட்சியில் வடபுலத்து நிலமெல்லாம் வெடித்தபோது, என் பழைய மாணவர் ஒருவர் நெடுந்தீவிலுள்ள தம் வளவின் கல்வேலி ஓரத்திலே தாயிழந்த குட்டியொன்று நிற்கக் கண்டு நீர் வைத்தார். அது பின் அவர் வீட்டைவிட்டு அகலவில்லை. 2018 மாசியில் நான் குறிகட்டுவானிலிருந்து படகேறி அவரைப் பார்க்கச் சென்றபோது, அது புல்மேயும் பருவத்ததாய் முற்றத்தில் நின்றது.

"ஐயா, இதுக்கு என்ன குடுத்தால் நல்லாய் வளரும்?" என்று அவர் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால், பண்டிதனிடம் வினாவை வைத்தால் அவன் விடையின்றி விடுவானா? கொள்ளுக்குக் காணம் என்றும் பெயர். காணம் என்பது பழைய பொற்காசுக்கும் பெயர். ஆகவே குதிரையின் விலையும் அதன் உணவும் நம் மொழியில் ஒரே சொல்லில் அடங்கின என்று தொடங்கிச் சிறு பிரசங்கமே செய்துவிட்டேன். முடிவில், அவித்த கொள்ளும் சோறும் நாளுக்கு இருவேளை கொடுக்கவேண்டும், பனங்கட்டி சிறிது சேர்த்தால் உடம்பு தேறும் என்று விதித்தேன். வீட்டுக்காரி தவிட்டுக் கஞ்சியையும் தாமாகவே சேர்த்துக்கொண்டார். பசுவுக்கு வைப்பதைத்தானே குதிரைக்கும் வைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

குட்டி வளர்ந்தது. அடுத்த முறை சென்றபோது அதன் விலா எலும்பு ஒன்றும் தெரியவில்லை. பிடரி தடித்து ஏற்றின் திமில்போல் எழுந்திருந்தது. வெளியே பற்றைகளுக்கிடையில் மேய்ந்த அதன் இனத்தவை எலும்புந் தோலுமாய் நிற்க, இது மட்டும் கோயிற் குதிரை வாகனம்போல் மினுங்கியது. அப்பிடரியைத் தடவி இருவரும் பெருமைப்பட்டோம்.

2019 ஆவணியில் மாணவர் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இரண்டு நாளாய் அடியெடுத்து வைக்குதில்லை" என்றார். மறுநாளே சென்றேன். குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, உடற்பாரத்தைப் பின்கால்களிற் சாய்த்து, நெருப்பிலே நிற்பதுபோல் நின்றது. குளம்பைத் தொட்டால் சுட்டது. எந்தப் பவளப்பாறைக் கற்களின்மேல் மெலிந்த காட்டுக்குதிரைகள் இலாடமின்றித் தாவியோடினவோ, அந்தக் கற்களின்மேல் நம் செல்லப்பிள்ளையால் ஓரடி வைக்க முடியவில்லை. கல் குத்தியிருக்கும் என்றேன். இலாடம் அடித்தால் சரியாகும் என்றும் சொன்னேன். பழைய பாடம் நாவிலிருந்து எளிதில் நீங்குவதில்லை.

படகேறி வந்த கால்நடை வைத்தியர் என் மாணவியர் வயதினர். அவர் காலை மட்டும் பார்க்கவில்லை. பிடரியைப் பிடித்துப் பார்த்தார். பின்பு குசினிப் பக்கம் சென்று, குதிரைக்கு வைக்கும் பானையைக் காட்டும்படி கேட்டார். "ஐயா, காலிலே வந்திருக்குது, ஆனால் வாயாலே வந்திருக்குது" என்றார். அதை யார் விதித்தார் என்று அவர் கேட்கவில்லை. மாணவரும் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

அன்று அவரிடம் கேட்டதையும் பின்னர் நூல்களிற் படித்ததையும் சேர்த்து இங்கே தருகின்றேன். குதிரையின் குளம்பு வெறும் நகக்கூடு. அதனுள்ளே ஓர் எலும்பு தொங்குகின்றது. தொங்குகின்றது என்பதே சரியான சொல். எலும்பைச் சூழ்ந்த உயிருள்ள மடிப்புகளும் கூட்டின் உட்புறத்து மடிப்புகளும், இரண்டு ஏட்டுச் சுவடிகளின் ஓலைகளை ஒன்றுவிட்டொன்றாகக் கோத்தாற்போலப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு குளம்பில் அத்தகைய ஓலைகள் 550 முதல் 600 வரை உண்டு. குதிரையின் பாரமெல்லாம் அந்தக் கோவையில் தங்கியுள்ளது. அது அழன்று தளர்ந்தால், எலும்பு கூட்டினின்றும் விலகிக் கீழ்நோக்கிச் சாயும். இலாடம் வெளிக்கூட்டின் தேய்வைத் தடுக்குமே யன்றி, உள்ளே தளர்ந்த கோவையை இறுக்காது.

உணவு அங்கே எவ்வாறு தீங்கு செய்கின்றது? பசுவைப்போற் குதிரை அசைபோடுவதில்லை. அதன் இரைப்பை சிறியது. நாரைப் புளிக்கவைத்துச் செரிக்கும் பெருங்குடல் பின்னே இருக்கின்றது. நாள்முழுதும் சிறிது சிறிதாகப் புல்லைக் கொறிப்பதற்கென அமைந்த வயிறு அது. தானியத்தை ஒரே வேளையிற் பெருவாரியாக இட்டால், முன்குடலிற் செரியாத மாச்சத்துப் பெருங்குடலுட் சென்று கடும்புளிப்பாகி நஞ்சு விளைக்கும். வேகவைத்தால் அது முன்குடலிலேயே நன்கு செரித்துவிடுமே என்று நான் வாதித்தேன். செரிப்பதுதான் மற்றைத் தீங்கு. செரித்த மாவும் சீனியும் இரத்தத்திற் கலக்க, இன்சுலின் பெருகுகின்றது. கொழுத்த மட்டக்குதிரைகளில் அது அளவுகடந்து பெருகும். 2007இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள், நோயற்ற மட்டக்குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினை மட்டும் உயர்த்தி, சீனியின் அளவை ஏறவிடாது வைத்துப் பார்த்தனர். மூன்று நாளைக்குள் அவற்றின் குளம்புகள் அழன்றன. எங்கள் குதிரையின் திமில்போன்ற பிடரி அந்நோயின் முன்னறிவிப்பு. நாங்கள் அதைத் தடவிப் பெருமைப்பட்டோம்.

தவிட்டின் கதை வேறு. அதிலே பொசுபரசு மிகுதி, கல்சியம் சொற்பம். நெடுங்காலம் அதையே மிகுதியாக உண்ணும் குதிரை தன் எலும்பிலுள்ள கல்சியத்தைக் கரைத்து ஈடுசெய்யும், முகவெலும்பு வீங்கும். மாவரைக்கும் ஆலைக்காரரின் குதிரைகளுக்குத் தவிடு தாராளமாய்க் கிடைத்தமையால், ஐரோப்பாவில் இதனை ஆலைக்காரன் நோய் என்றே வழங்கினர்.

கிரேக்கர் இத்தொடர்பை அறிந்திருந்தனர் போலும். வாற்கோதுமையை மிகுதியாக உண்பதால் வரும் நோய்க்கு அத்தானியத்தின் பெயரையே இட்டு அரிஸ்டோட்டில் எழுதியுள்ளார். குதிரைப் பயிற்சி நூல் செய்த செனபோனோ, குளம்பு உறுதிபெற, லாயத்துக்கு வெளியே கைக்கடங்கும் உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி கொட்டி அவற்றின்மேல் குதிரையை நிறுத்தச் சொல்கின்றார். ஆணியறையும் இலாடத்தை அவர்கள் அறியார். நெடுந்தீவின் பவளப்பாறைத் தரை அக்கல்முற்றத்தின் வேலையைத் தானாகவே செய்கின்றது.

வைத்தியர் வகுத்த உணவு மிக எளியது. சோறும் பனங்கட்டியும் தவிடும் அன்றோடு நின்றன. கொள்ளைப் பற்றி வினவியபோது அவர் சிரித்தார். புரதம் மிகுந்த பயறு அது. ஊறவைத்து அவித்துக் கொடுத்தால், நாள்முழுதும் ஏரோ வண்டியோ இழுக்கும் குதிரைக்கு உதவும். முற்றத்தில் நிற்கும் பிள்ளைக்கு எதற்கு என்றார். உடல் நிறையில் நூற்றுக்கு 1.5 முதல் 2 பங்கு வரை உலர்ந்த புல், அவ்வளவே. 180 கிலோ மதிக்கத்தக்க எங்கள் குதிரைக்கு அது நாளொன்றுக்கு மூன்று கிலோ அளவில் வந்தது. அதனையும் ஒரே குவியலாக இடாது பலவேளையாகப் பிரித்து, முதலில் அரைமணி முதல் ஒருமணி நேரம்வரை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு இடவேண்டும். புல்லிலுள்ள சீனியில் ஒருபகுதி நீரோடு போய்விடும். இந்நோய்க்கு ஆட்பட்ட குதிரையின் தீனியில் சீனியும் மாவும் சேர்ந்து நூற்றுக்கு 10 அல்லது 12 பங்குக்கு மேற்படலாகாதென்பது இக்கால நூலோர் கொள்கை.

எந்தப் புல் என்று கேட்டேன். அறுகு என்றார். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகுதான், பெர்முடா என்ற பெயரோடு அமெரிக்காவின் தென்பகுதியிற் குதிரைத் தீனியாக விளைவிக்கப்படுகின்றது. குளிர்நாட்டுப் புற்கள் ஃபிரக்டான் என்னும் ஒருவகைச் சர்க்கரையைத் தண்டிற் சேமிக்கும். அறுகு போன்ற வெப்பநாட்டுப் புற்கள் அதனைச் சேமிப்பதில்லை. வேலிக்கு வெளியே மெலிந்து திரிந்தவை இதனையே மேய்ந்து கல்லின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் பட்டினியை நான் புகழவில்லை. வறட்சியில் நீரின்றி மடிவதும் அவைதாமே. நம் குட்டியின் தாய் அவ்வாறு மாண்டதே.

குளம்பை வளர்க்க மருந்துண்டா என்று மாணவர் கேட்டார். செம்பும் நாகமும் குறையாதிருக்க வேண்டும். பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தை நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் வியன்னாவின் புகழ்பெற்ற வெண்குதிரைகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வொன்று 1995இல் வெளிவந்தது. குளம்பின் தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் அது தெரிய ஒன்பது மாதம் சென்றது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வரையே வளரும். மேலே மயிர் எல்லையிற் பிறக்கும் புதுக்கொம்பு கீழே தரையைத் தொட ஓராண்டளவு வேண்டும். ஆகவே இன்று இடும் உணவின் பயனை அடுத்த ஆண்டின் குளம்பிலேதான் காணலாம்.

நோவுக்கு மருந்து கொடுத்து, முன்கால்களைக் குளிர்நீரில் நிறுத்தி, முற்றத்தில் ஆழமாகக் கடல்மணல் பரப்பி, நீண்ட முன்னுனியை அரத்தால் அராவினார்கள். மூன்று வாரத்தில் அது மணலில் நடந்தது. கல்லில் இறங்கவில்லை.

இப்போது போலோவிடம் திரும்புவோம். அவர் நூலிலே தொழிலாளரைக் குறிக்க ஆளப்படும் பழம்பிரெஞ்சுச் சொல், அக்காலத்தில் இலாடமடிப்பவனையும் குதிரை வைத்தியனையும் ஒருங்கே குறித்தது. ஆகவே அவர் குறை கூறியது இலாடம் இன்மையை மட்டுமன்று, வைத்தியம் இன்மையையும் ஆகும். அவ்வாறாயின் அவர் காட்டிய இரு காரணங்களும் ஒரே காரணத்தின் இரு முகங்களாம். எல்லாக் குதிரைகளும் சோற்றினால் மாண்டன என்று நான் இன்று பாடஞ் சொல்வதில்லை. கடற்பயணத்தின் நலிவுண்டு, வெப்பமும் ஈரமும் உண்டு, ஈக்கடியாற் பரவும் சர்ரா என்னும் கொடுநோய் உண்டு. ஆயினும், பொன் கொடுத்து வாங்கிய பரியைப் பந்தியிலே கட்டி, வேலையின்றி நெய்யுஞ் சோறும் ஊட்டியவர்கள் நான் செய்ததையே செய்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இளக்காரம் என்று நான் ஒதுக்கியது, கண்டறிந்தவன் எழுதிவைத்த குறிப்பு.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. படகில்லை. மாணவர் மாதந்தோறும் குளம்பின் படத்தைத் தொலைபேசியில் அனுப்பி வந்தார். நோய்வந்த நாளைக் குறித்துக் கூட்டிலே ஒரு தடித்த வளையம் விழுந்திருந்தது. மாதந்தோறும் அது ஒரு நெல்லின் நீளம் கீழிறங்கியது. அதற்கு மேலே வளர்ந்த கொம்பு ஒப்புரவாய் இருந்தது.

அவ்வாண்டு ஆவணியில் மீண்டும் சென்றேன். வளையம் நுனியை எட்டியிருந்தது; அன்று காலைதான் மாணவர் அதன் எச்சத்தை அரத்தால் அராவி எடுத்திருந்தார். பிடரி தாழ்ந்து, கடைசி இரண்டு விலா எலும்புகள் கைக்குப் புலப்பட்டன. கல்வேலியின் கடப்பைத் தாண்டி, பாறைத் தரையிலே அது தயங்காமல் நடந்து போய்த் திரும்பி வந்து, என் கைப்பையை மோந்தது. வழக்கம்போல் அதற்கென்று வாங்கி வந்த பனங்கட்டிக் குட்டான் பைக்குள்ளே இருந்தது. எடுத்து, வாசலில் நின்ற மாணவரின் மகளிடம் கொடுத்தேன்.