125 சிசி கோட்டுக்குக் கீழே

150 சிசி பைக் வாங்குகிறவருக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக் வண்டியோடு வந்துவிடுகிறது. 100 சிசி வண்டியில் விடியற்காலையில் பால் கேன் ஏற்றிப் போகிறவருக்கு அது கிடைப்பதில்லை. 2019 ஏப்ரலிலிருந்து சட்டம் இப்படித்தான் இருந்துவந்தது: 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம், 125 வரை சிபிஎஸ் (இணைந்த பிரேக்) போதும்.

2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வரைவு விதி இந்தக் கோட்டை அழிக்கப் பார்த்தது. 2026 ஜனவரி 1 முதல் தயாராகும் சிறிய பைக்குகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் ஏபிஎஸ் வேண்டும். வண்டியோடு பிஐஎஸ் தரமுள்ள இரண்டு ஹெல்மெட் தர வேண்டும் என்றது அது.

மழை ஈரத்தில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றுவது நின்று வழுக்கத் தொடங்கும். அதன்பின் ஹேண்டில்பாரைத் திருப்பியும் பயனில்லை. ஏபிஎஸ்ஸில் உள்ள சென்சார் இதை முன்கூட்டியே உணர, ஏபிஎஸ் ஒரு நொடிக்குள் பலமுறை பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும். சிபிஎஸ் ஒரே லீவரில் இரு சக்கரங்களையும் பிடிக்கும், அவ்வளவுதான், வழுக்குவதைத் தடுக்காது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள்.

செலவு கூடும் என்ற நிறுவனங்களின் கவலை பொய்யல்ல. விலை குறைந்த வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்தில் இருப்பது கேபிள் இழுக்கும் டிரம் பிரேக். ஏபிஎஸ் வைக்க டிஸ்க்கும் பிரேக் ஆயிலில் இயங்கும் அமைப்பும் தேவை. சில ஆயிரம் ரூபாய் கூடும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமானது. வரியோடு 70,000 ரூபாய் விலையிருந்த வண்டியில் இதனால் மிச்சமாவது சுமார் 5,470 ரூபாய். பிரேக்குக்கான இடம் அந்தப் பணத்திலேயே இருக்கிறது.

புகை விதியில் நடந்ததையும் மறக்கக் கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது டிவிஎஸ் எக்ஸ்எல் 100 போன்ற மொபெட்டில்கூட கார்புரேட்டர் போய், எரிபொருளைப் பீய்ச்சும் எஃப்ஐ வந்தது. காலையில் சோக் இழுத்துப் போராடும் வேலை ஒழிந்தது, புகையும் குறைந்தது. கூடவே ஒரு சிரமமும் வந்தது. ஸ்குரூவைத் திருப்பி ட்யூனிங் பார்த்த தெருமுனை மெக்கானிக்குக்கு இப்போது கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். அது இல்லாத சிற்றூரில் ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிந்தால் டவுன் ஷோரூமுக்குத்தான் போக வேண்டும்; அன்றைய கூலி போயிற்று. ஏபிஎஸ் சென்சார் பழுதானாலும் இதே கதைதான். ஆகவே சட்டத்தோடு மெக்கானிக்குகளுக்கான பயிற்சியும், கைக்கெட்டும் விலையில் ஸ்கேனரும் சேர்ந்து வர வேண்டும்.

புதிய விதி எதுவானாலும் புதிதாகத் தயாராகும் வண்டிக்கே பொருந்தும். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். எனவே ஏபிஎஸ் இல்லாத லட்சக்கணக்கான வண்டிகள் 2035க்குப் பிறகும் கைமாறி ஓடும். அவற்றை வாங்குகிறவர் பெயிண்டைப் பார்க்கும் முன் டயர் தேய்மானத்தையும் பிரேக் ஷூவையும் பார்க்கட்டும்.