ஓசூர் பக்கம் ஒன்றரை நாள்

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிகிறதா? பெங்களூருக்கு ஓடாமல் ஓசூரிலேயே இருங்கள். மாலையில் சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில். மேலே நின்றால் ஊரும் ஆலைகளும் ஒரே பார்வையில் விரியும்.

ஞாயிறு காலை தொரப்பள்ளி. ராஜாஜி 1878-இல் பிறந்த வீடு, இன்று நினைவில்லம். அரை மணி நேரம் போதும்.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் சூளகிரி தாண்டிப் பிரிந்தால் மல்லச்சந்திரம். பாறைக்குன்றின் மேல் பெருங்கற்கால மக்கள் எழுப்பிய கல்திட்டைகள். நாற்புறமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்திருக்கிறார்கள். முன்பலகையில் வட்டமாக ஒரு துளை. உள்ளே எட்டிப் பார்த்தால் சில்லென்ற இருட்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலான ஈமச்சின்னம் இது. என்னைக் கேட்டால், இதற்காகவே வண்டியை எடுக்கலாம்.

பிறகு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள். விடுமுறை நாளா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மாலையில், 1957-இல் திறக்கப்பட்ட கே.ஆர்.பி. அணை. மாம்பழப் பருவமென்றால் வழியோரக் கடைகளில் விலை பேசி வாங்கலாம்.

மல்லச்சந்திரத்துக்குத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். படம் பிடிக்கிறேன் என்று மூடுகல் மேல் மட்டும் ஏறிவிடாதீர்கள்.