அஞ்சல் நின்றால் யாருக்கு இழப்பு?

அஞ்சல் என்பது கடிதப் போக்குவரத்து மட்டுமன்று; சிறு வணிகர்க்கு அதுவே கடைவீதி. இவ்வுண்மையைக் கனடா நாட்டு நிகழ்ச்சியொன்று தெளிவாக்குகிறது.

2024 நவம்பர் 15-ஆம் நாள் அந்நாட்டு அஞ்சல் ஊழியர் ஏறத்தாழ 55,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வும் பணிப் பாதுகாப்பும் அவர்தம் கோரிக்கைகள். வார இறுதியிலும் பொட்டலங்களை வழங்கப் பகுதிநேர ஊழியரை அமர்த்த நிருவாகம் விரும்பிற்று. அது முழுநேரப் பணிக்கு ஊறு செய்யுமெனத் தொழிற்சங்கம் அஞ்சிற்று. டிசம்பர் 17-ஆம் நாள்தான் பணி மீண்டும் தொடங்கியது. கிறிஸ்துமஸ் வணிகம் பெருகும் காலமோ கழிந்தேவிட்டது.

பெரிய நிறுவனங்கள் மொத்தமாகப் பொருள் அனுப்புவதால் தனியார் கூரியரிடம் கட்டணச் சலுகை பெறும். பத்துப் பொட்டலம் அனுப்புபவர்க்கு அச்சலுகை ஏது? எட்டாத ஊர்க்கும் பொருளைக் கொண்டு சேர்த்தல் அஞ்சலகத்தின் கடமை. தனியார்க்கு அக்கடமை இல்லை. கட்டணம் பொருளின் விலையை நெருங்கினால் வாங்குவோர் விலகுவர். திருநாளுக்குப் பின் சேரும் பரிசால் பயன் என்ன?

அப்படியாயின் ஊழியர்மீது குற்றமோ? அன்று. உழைப்பை நிறுத்துவதே அவர்க்குள்ள வலிமை. வணிகம் மிகுந்த காலத்திலேதான் அவ்வலிமை உணரப்படும். அரசின் தலையீட்டால் ஊழியர் பணிக்குத் திரும்பினரேயன்றிப் பிணக்குத் தீரவில்லை. 2025 செப்டம்பர் 25-இல் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது.

மேருவில் வீட்டிலேயே முறுக்குச் சுட்டுத் தீபாவளிக்கு வெளியூர் அனுப்புவோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. ஒரே வழியை நம்பாது, முன்னதாகவே அனுப்புதல் அவர்க்குக் காப்பு. காலத்தே பேசித் தீர்த்தலோ இருதரப்பார்க்கும் கடமை.