பழைய பானைக்கு வயது என்ன?



தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலி செய்யும்போது, பாட்டியின் பழைய சாமான்களுக்கிடையே ஒரு கறுப்பு மண்குடம் அகப்படுகிறது. அல்லது, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடக் குழி தோண்டுகையில் பானை ஓடுகள் கிடைக்கின்றன. "இது ஆயிரம் வருடத்துப் பொருள்" என்கிறார் ஒருவர். "குப்பையில் போடு" என்கிறார் மற்றொருவர். ஈப்போவிலிருந்து வந்த வியாபாரியோ ஒரு சிறு தொகையை நீட்டுகிறார். யார் பேச்சை நம்புவது? நம் கண்ணும் கையும் சொல்லக்கூடியவை சில உண்டு. அவற்றை இன்று பார்ப்போம்.

முதலாவது, மண்ணும் சூளையும். குறைந்த சூட்டில் வெந்த மண்பாண்டத்தை விரலால் மெல்லத் தட்டினால் மந்தமான ஓசையே எழும். உடைந்த ஓரத்தின் நடுவில் கரிய கோடு தெரிவதும் உண்டு. மிகுந்த சூட்டில் வெந்த பீங்கான் கணீரென்று ஒலிக்கும். நம் பெற்றோர் பால் சேர்த்த மங்குகளில் பல, பளபளக்கும் பூச்சுடைய பீங்கான்களே. கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டது 1877-இல்தான். ஆகவே, பால் மங்கு எதுவும் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ஒரு பொருளின் பயனை அறிந்தால் அதன் வயதுக்கும் ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது, செய்முறை. சக்கரத்தில் வனைந்த பானையின் உட்புறத்தில் வளைய வளையமாக விரற்கோடுகள் இருக்கும். கையால் வைத்துப் பலகையால் தட்டியதில் மேடு பள்ளங்கள் தெரியும். அச்சில் வார்த்ததில் இரு பாதிகள் சேர்ந்த தழும்பைக் காணலாம். கோலகங்சாரை அடுத்த சாயோங் கிராமத்தின் லாபு சாயோங் குடம் சுரைக்காய் வடிவம் கொண்டது. சூடு ஆறுமுன் உமியில் புதைப்பதால் அதற்குக் கறுப்பு நிறம் வருகிறது. முன்னாளில் அதைக் கையால் செய்தார்கள். பிற்காலத்தில் அச்சு வார்ப்பும் பரவியது. ஆகவே, கறுப்பாக இருப்பதனாலேயே ஒரு குடம் பழையதாகிவிடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கயிறு சுற்றிய பலகையால் தட்டிய தடம் புதிய கற்கால ஓடுகளிலும் உண்டு. அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவற்றிலும் உண்டு. தடம், பானை எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். எப்போது என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்வது, பானை கிடந்த இடம். எவ்வளவு ஆழம்? உடன் கிடந்தவை எவை? கரி, எலும்பு, பாசிமணி ஏதேனும் இருந்ததா? மாத்தாங் கடலோரத்திலுள்ள கோல செலின்சிங்கில் ஈவான்ஸ் என்ற ஆய்வாளர் அகழ்ந்தபோது ஓடுகளும் மணிகளும் சேர்ந்தே கிடைத்தன. ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்ற பெயர் பொறித்த சிறு முத்திரையும் அங்கே கிடைத்தது. வெறும் ஓட்டை மட்டும் பொறுக்கி வந்திருந்தால், அக்கரையோடு இந்த மண்ணுக்கிருந்த தொடர்பு நமக்குத் தெரிந்திருக்குமா?

ஆய்வுக்கூடத்திலும் வழி உண்டு. சூளையில் வெந்த நாள் முதல் மண்ணின் நுண்துகள்கள் இயற்கைக் கதிர்வீச்சின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கின்றன. மீண்டும் சூடேற்றினால் அது ஒளியாக வெளிவரும். அந்த ஒளியை அளந்து, மண் கிடந்த இடத்தின் கதிர்வீச்சோடு ஒப்பிட்டு வயதைக் கணிக்கிறார்கள். ஒட்டியிருக்கும் கரியும் வயது சொல்லும். எனவே, கிடைத்ததைத் தேய்த்துக் கழுவாதீர்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். அழுக்கென்று நாம் நினைப்பதே சாட்சியாக இருக்கலாம்.

மண்ணில் பழம்பொருள் எனத் தோன்றும் எதைக் கண்டாலும் தோண்டுவதை நிறுத்தி, இடத்தைக் குறித்து, படம் எடுத்து, மாவட்ட அதிகாரிக்குத் தெரிவியுங்கள். 2005-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் இதைக் கடமையாக்குகிறது. 1883-இல் தோன்றிய தைப்பிங் பேராக் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, காட்சியிலுள்ள பொருள்களை உற்றுப் பார்க்கப் பழக்குங்கள்.

பாட்டியின் குடமோ நம் வீட்டுச் சொத்து. அதை யார் வாங்கினார், எந்தத் தோட்டத்தில் வைத்திருந்தார் என்பதை இன்றே கேட்டு எழுதி, குடத்துக்குள் போட்டு வையுங்கள். தோட்டம் கைமாறலாம், லயம் இடிந்து போகலாம். அந்தத் துண்டுக் காகிதம் இருக்கும்வரை, அங்கே வாழ்ந்தவர்களின் கதை அழியாது.