மாணவர்களின் இலக்கும் ஊக்கமும்

மாணவர் ஊக்கம் என்பது, பள்ளியில் ஒரு மாணவர் தமக்கென இலக்கு ஒன்றை வகுத்துக்கொள்ளவும் இடையூறு வந்தாலும் அதை விடாமல் தொடரவும் தூண்டும் காரணிகளைக் குறிக்கும். இது மாணவரின் மனத்தில் மட்டுமே பிறப்பதாகக் கருதுவோர் பலர். மாகறல் உள்ளிட்ட காஞ்சிபுரம் வட்டாரத்தின் பட்டு நெசவு வரலாறு இக்கருத்தைத் திருத்திக்கொள்ள உதவுகிறது.

காஞ்சிப் பட்டுச் சேலையின் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமைவது 'கோர்வை' எனப்படும். இதற்கு மூன்று நாடாக்கள் தேவை. நெசவாளர் ஒருவரால் மூன்றையும் கையாள இயலாது என்பதால், ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள உதவியாள் ஒருவர் உட்காருவார். நெடுங்காலம் அவ்விடத்தில் சிறுவர்களே அமர்ந்தனர். குடும்பம் வாங்கிய முன்பணத்துக்காகப் பிறர் தறியில் உழைத்த பிள்ளைகளும் உண்டு.

இலக்குக் கோட்பாட்டை உருவாக்கிய எட்வின் லாக், கேரி லேதம் ஆகியோர், தெளிவான, சற்றே கடினமான இலக்கும் உடனுக்குடன் கிடைக்கும் பின்னூட்டமும் செயல்திறனை உயர்த்தும் என்கின்றனர். தறியில் இவை இரண்டும் இருந்தன. மாலைக்குள் எத்தனை முழம் நெய்தாயிற்று என்பது கண்ணுக்குத் தெரியும், கூலியும் தெரியும். பள்ளியிலோ "நன்றாகப் படி" என்ற அறிவுரைதான் பெரும்பாலும் கிடைத்தது. பலன் பத்தாண்டு தள்ளி இருந்தது. ஆகவே இடைநின்ற பிள்ளைகளுக்கு ஊக்கம் இல்லை என்று கூறுவது பொருந்தாது.

1986, 2016 ஆம் ஆண்டுகளின் குழந்தைத் தொழிலாளர் சட்டங்களும் 2009 கல்வி உரிமைச் சட்டமும் நிலையை மாற்றின. எனினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு 2016 திருத்தம் விலக்கு அளிக்கிறது. வீட்டுக்குள்ளேயே தறி இருக்கும் ஊர்களில் இது சிறிய விலக்கு அன்று.

காஞ்சிபுரத்தில் 1909 இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை, பள்ளிப் படிப்பின் இடையே நகராட்சியில் எழுத்தராகப் பணிபுரிந்து, பின்னர் கல்லூரி சென்று முதுகலைப் பட்டம் பெற்றார். இடையில் அறுந்த இலக்கு மீண்டும் முடியப்படலாம் என்பதற்கு இது சான்று.

பொருளுதவி ஊக்கத்தைக் கெடுக்குமா என்ற கேள்வியும் உண்டு. வெகுமதி பெற்றவர்களின் இயல்பான ஆர்வம் குறைவதை எட்வர்ட் டெசி 1971 இல் காட்டினார். ஆனால் 2022 செப்டம்பர் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தை இதனோடு ஒப்பிட முடியாது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் இத்திட்டம், முன்பிருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவித் திட்டத்தை மாற்றி அமைத்ததாகும். மதிப்பெண்ணுக்கான பரிசாக இது தரப்படுவதில்லை. பேருந்துக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கேட்க வேண்டிய தயக்கத்தை இத்தொகை நீக்குகிறது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கப்பட்டது.