கம்பியின் முறுக்கு

இல்லத்திற்குத் தொலைபேசியோ இணையமோ வரும்பொழுது, கம்பி சுவரோடு ஒட்டி நேராகச் செல்ல வேண்டுமென்று நாம் விரும்புகிறோம். விரும்பத்தக்கதே. ஆயினும், கண்ணுக்கு ஒழுங்காகத் தோன்றுவதெல்லாம் மின்சாரத்திற்கு ஒழுங்காகிவிடாது.

அக்கம்பியின் மேலுறையைச் சிறிது நீக்கிப் பாருங்கள். உள்ளே செப்புக் கம்பிகள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று சுற்றிக் கிடக்கும். கைமுறுக்கை நினைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. 1881ஆம் ஆண்டில் கிரகாம் பெல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஏன் முறுக்க வேண்டும்? அருகே செல்லும் மின்விளக்குக் கம்பியின் காந்தப் புலம் நம் கம்பிகளில் வேண்டாத மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. அவை முறுக்கின்றிக் கிடந்தால், அண்மையிலுள்ளது மிகுதியாகவும் மற்றது குறைவாகவும் அதனை ஏற்கும்; அவ்வேறுபாடே இரைச்சல். முறுக்கியபின் இரண்டும் மாறி மாறி அண்மையில் வருகின்றன; இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே ஏற்கின்றன. கருவியோ இரண்டின் வேறுபாட்டை மட்டும் அறிவது. ஆதலின் சமமானது அற்றுப்போகிறது. எத்துணை எளிய காவல்!

கணினிக்குச் செல்லும் கம்பியில் இத்தகைய இணைகள் நான்கு. ஓரிணையின் செய்தி மற்றதில் நுழையாதிருக்க, ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் முறுக்கப்பட்டிருக்கும். இவ்வெட்டுக் கம்பிகளையும் முனையில் செருகிக்குள் பொருத்தும்பொழுதுதான் தொல்லை. வழக்கிலுள்ள முறைப்படி 3, 6 ஆகிய இடங்கள் ஓரிணைக்கு உரியவை. இடையிலுள்ள 4, 5 வேறோர் இணைக்கு உரியவை. நான் கண்ட ஒரு வீட்டில், பணியாளர் ஒருவர் இணைகளை 1-2, 3-4, 5-6, 7-8 என்று இரு முனைகளிலும் வரிசையாக அடுக்கியிருந்தார். பார்வைக்கு அதுவே அழகு. சோதனைக் கருவியின் விளக்குகளும் முறையாகவே எரிந்தன. இணையம் மட்டும் தள்ளாடிற்று. 3ஆம் கம்பியும் 6ஆம் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்படாமல், வெவ்வேறு இணைகளில் பிரிந்து சென்றதே காரணம். விளக்கு, கம்பி அறுந்ததா என்பதை அறியும். யாரோடு யார் முறுக்கப்பட்டனர் என்பதை அறியாது.

செருகியருகே முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். மின்விளக்குக் கம்பியைக் கடந்தே தீரவேண்டுமெனில், குறுக்காகக் கடந்து செல்லுங்கள், உடன் செல்லாதீர்கள். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் பெறுவோர், பயன்படாத கிளைக் கம்பிகளைக் கழற்றிவிடுதல் நன்று. அவற்றின் முனையில் செய்தி எதிரொலித்துத் திரும்பும்.

ஒளியிழைக்கு மின் இரைச்சல் என்னும் அச்சம் இல்லை. ஆனால் அதனைச் சுவர் மூலையில் கூர்மையாக மடித்தால், வளைவிலேயே ஒளி கசிந்துவிடும்.