கொலு பொம்மைகளுக்கு அக்ரிலிக் வர்ணம்: தேர்வு செய்வதும் தீட்டுவதும்

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா நடக்கும் புகார் நகரத்துத் தொழிலாளரை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அதில் ஓவியம் தீட்டுவோர் 'கண்ணுள் வினைஞர்' என்றும், மண்ணால் உருவம் செய்வோர் 'மண்ணீட்டாளர்' என்றும் தனித்தனியே இடம் பெறுகின்றனர். உருவம் செய்வது ஒரு தொழில், வர்ணம் தீட்டுவது வேறொரு தொழில் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி பக்கம் வசிப்பவர்கள் வர்ணம் போன பொம்மையைச் செய்தவரிடமே கொடுத்துச் சரி பண்ணிக்கொள்ளலாம். வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. புரட்டாசியில் பெட்டியைத் திறந்தால் லட்சுமிக்கு மூக்கு உரிந்திருக்கும், செட்டியாருக்குத் தலைப்பாகை வெளுத்திருக்கும். உடனே கடைக்கு ஓடி வந்து, "அக்ரிலிக் பெயிண்ட் ஒரு செட் குடுங்க" என்பார்கள். பெயிண்ட் வியாபாரி என்ற முறையில் கொடுத்துவிடுவேன். ஆனால் கொடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தீட்டலாமா, வேண்டாமா?

அக்ரிலிக் என்பது, பால் போன்ற ஒரு பிளாஸ்டிக் குழம்பில் வர்ணப்பொடி கலந்தது. ஈரமாக இருக்கும்வரை தண்ணீரில் கரையும். தண்ணீர் ஆவியானதும் பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய தோலாகிவிடும். பிறகு எவ்வளவு கழுவினாலும் கரையாது. அதன் பலமும் இதுதான், ஆபத்தும் இதுதான். பாட்டி காலத்துப் பொம்மையின் முகத்தில் ஒருமுறை பூசிவிட்டால், அந்தப் பழைய முகம் போனது போனதுதான்.

ஆகவே மூன்று தலைமுறை கண்ட பொம்மையில் உரிந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரி செய்யுங்கள். முகம் நன்றாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். செம்மரத்தில் செய்த மரப்பாச்சிக்கு வர்ணமே தேவையில்லை, துணி உடுத்தினால் போதும்.

பழைய பூச்சைச் சோதிப்பது

ஈரப் பஞ்சால் பொம்மையின் அடிப்பாகத்தில் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அது பசையில் குழைத்த பழைய வர்ணம். அதன்மேல் அக்ரிலிக் பிடிக்காது, சில மாதங்களில் ஏடு ஏடாக உரியும். தளர்ந்த வர்ணத்தைத் துடைத்து எடுத்தபின்தான் பூச வேண்டும். நிறம் வராமல் பளபளவென்று இருந்தால் அது எனாமல். 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேய்த்துப் பளபளப்பை நீக்கினால் புதுப் பூச்சு பிடித்துக்கொள்ளும். கையில் எடுத்தால் எடையே இல்லாத பொம்மை காகிதக்கூழால் செய்ததாக இருக்கும். அதை ஊறவிடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பெயிண்டில், அதிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பொம்மையை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ஈரமாகவே தேய்த்து, துடைத்த துணியை எறிந்துவிடுங்கள். அந்த நேரத்தில் குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

எதை வாங்குவது?

மாணவர் தரம், ஓவியர் தரம் என்று இரண்டு உண்டு. மாணவர் தரத்தில் வர்ணப்பொடி குறைவு, நிரப்புப் பொருள் அதிகம். பெரிய பரப்புக்கு அது போதும். கண், உதடு, நகைக்கு ஓவியர் தரத்தில் சின்ன டியூப் ஒன்றிரண்டு வாங்கலாம். துணிக்கு உரிய பேப்ரிக் பெயிண்டைப் பொம்மைக்குப் பூசாதீர்கள். துணியோடு மடங்க வேண்டும் என்று அதை மென்மையாகச் செய்திருப்பார்கள், தூசி ஒட்டிக்கொள்ளும்.

டியூபின் மேல் சின்னச் சதுரம் போட்டிருந்தால் கவனியுங்கள். நிரம்பிய சதுரம் என்றால் அடியை மறைக்கும் நிறம், வெற்றுச் சதுரம் என்றால் அடி தெரியும் நிறம். மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் அடியை நன்றாக மறைப்பதில்லை. அதனால் அவற்றுக்குக் கீழே வெள்ளைப் பூச்சு அவசியம். வெள்ளை, கறுப்பு, மஞ்சள், காவி மஞ்சள், சிவப்பு, நீலம், செங்காவி, தங்கம் என எட்டு இருந்தால் போதும். வெள்ளையில் காவி மஞ்சளும் துளி சிவப்பும் சேர்த்தால் மேனி நிறம் வரும். நீலத்தில் வெள்ளை கலந்தால் கண்ணனுக்கு ஆயிற்று.

தூரிகை

சமண சமயத்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இது சட்டமும்கூட. கீரிப்பிள்ளை முடியால் செய்த தூரிகை இன்னும் சில இடங்களில் ரகசியமாக விற்கிறது. முடிக்காகவே கீரியைக் கொல்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்த வியாபாரம் குற்றம். 2019-இல் பல மாநிலங்களில் சோதனை போட்டுத் தூரிகைகளைப் பறிமுதல் செய்தார்கள். பூஜைக்கு வைக்கும் பொம்மைக்கு ஓர் உயிரைக் கொன்ற தூரிகை எதற்கு? தவிர, இயற்கை முடி தண்ணீரை உறிஞ்சித் துவண்டுபோகும். அக்ரிலிக்குக்கு ஏற்றது செயற்கை இழைதான், விலையும் குறைவு. உருண்டை முனையில் 0, 2, 6 என்று மூன்று அளவு போதும்.

தீட்டும் முறை

முதலில் வெள்ளை அக்ரிலிக் பிரைமர் ஒரு கை. அது காய்ந்தபின் நிறம். பாலைப் போல ஓடும் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் சேருங்கள். அதிகம் சேர்த்தால் பிளாஸ்டிக் பிடிப்புக் குறைந்து பொடிபொடியாக உதிரும். கெட்டியாக ஒரே பூச்சு பூசினால் பொம்மையின் கண்ணிமை, விரல் இடுக்கு எல்லாம் மூடிப்போகும். மெல்லிய பூச்சு இரண்டு அல்லது மூன்று, நடுவில் அரை மணி நேரம் இடைவெளி. காய்ந்ததும் நிறம் ஒரு சாயல் கருக்கும் என்பதைக் கலக்கும்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

வட இந்தியாவின் வறண்ட காற்றில் தட்டில் பிழிந்த வர்ணம் சில நிமிஷத்தில் காய்ந்துவிடும். தட்டில் ஈரத்துணி விரித்து, மேலே பட்டர் பேப்பர் வைத்து, அதில் கலந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 10 டிகிரிக்குக் குறைந்த குளிரில் துகள்கள் சரியாக ஒட்டாது. டில்லி ஜனவரியில் இந்த வேலை வேண்டாம்.

உடை, நகை, கடைசியில் கண் என்பது வரிசை. இரண்டு கண்ணிலும் வெள்ளையை முதலில் முடித்து, பிறகு கருமணியை இரண்டுக்கும் அடுத்தடுத்து வையுங்கள். ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு மறுகண்ணுக்குப் போனால் பார்வை மாறிவிடும்.

எடுத்து வைப்பது

நான் பட்ட அனுபவம் ஒன்று. அண்டை வீட்டு மாமிக்கு தசாவதார செட்டைத் தீட்டிக் கொடுத்தேன். இரண்டே நாளில் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றினோம். மறு வருஷம் பிரித்தால் வாமனர் முதுகில் விளம்பரமே அச்சாகியிருந்தது. மாமி சிரித்துக்கொண்டே, "நயினார், பெருமாளும் பேப்பர் படிக்கிறார்!" என்றார். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். இறுகிய பிறகும் சூட்டில் அக்ரிலிக் கொஞ்சம் இளகும், பக்கத்தில் இருப்பது ஒட்டிக்கொள்ளும். ஆகவே நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே தீட்டிவிடுங்கள். மூன்று நாள் கழித்துத் தண்ணீரில் கரையும் வகை வார்னிஷ் ஒரு கை கொடுங்கள். மர வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும். செய்தித்தாள், பாலிதீன் இரண்டும் கூடாது. பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி, சூடு ஏறாத இடத்தில் வையுங்கள்.

பிறந்த ஊரில் வளராத நம் பிள்ளைகளுக்குக் கொலுப் படியே ஒரு பாடப்புத்தகம். அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பொம்மைக்காவது தீட்டச் சொல்லுங்கள். புதிதாக வாங்கிய பொம்மையில் பழகட்டும். பாட்டியின் பொம்மைக்கு வருவதற்குள் கை பதமாகிவிடும்.